வெள்ளைக் கொட்டகையில் இடப்பக்கம்

"கெல்டர் கோட்டைக் கோபுரத்துக்கு எத்தனை படி?" என்று கேட்டேன்.

"நூத்தி நாப்பத்திரெண்டு. எழுதிக்கோ."

"எண்ணிப் பார்த்தீங்களா?"

"நான் எங்க எண்ணினேன்? டார்பியிலேர்ந்து ஒரு தபால்காரர் வந்து தங்கியிருந்தார். முழங்கால் வலிக்காரர். அந்த மாதிரி ஆளுங்கதான் படியைச் சரியா எண்ணுவாங்க."

எழுதிக்கொண்டேன். அடுத்தது பஃபின் பறவைகள் வந்து முட்டையிடும் பாறை.

"ஏப்ரல் கடைசியில வரும், ஜூலை முடிஞ்சா போயிடும்னு போடு. கிட்டப் போய் நின்னாலும் பயப்படாது. ஆனா பழைய மீன் வாடை அடிக்கும், கைக்குட்டை வேணும்."

"இது யார் சொன்னது?"

"பர்மிங்காம் டீச்சரம்மா. மூணு வருஷமா வர்றாங்க. அந்த வாடைக்குன்னே வர்றாங்களோ என்னவோ."

"நீராவி ரயில்?"

"வலப்பக்க ஜன்னல்ல உக்காரணும். அப்பதான் பாலத்துல போறப்போ ஆறு தெரியும். இது ஒரு புதுசாக் கல்யாணமான ஜோடி சொன்னது. அவங்க ஆத்தைப் பார்த்தாங்களாங்கிறதே எனக்குச் சந்தேகம்தான்."

பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன்: "அப்போ இந்த ஒன்பது இடத்துல நீங்க பார்த்தது எது?"

எனிட் ஹெஸ்லாப் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. "எங்கிட்ட அறுபது மாடு இருக்கு, கண்ணு. காலையில அஞ்சு மணிக்கு ஒரு கறவை, சாயங்காலம் மூணு மணிக்கு ஒரு கறவை. நடுவுல நான் எந்தக் கோட்டைக்குப் போறது?" பிறகு, நினைவு வந்தவராக, "ஆஸ்வின் தீவுக்குப் போயிருக்கேன். பதினோரு வயசுல. ஞாயித்துக்கிழமைப் பள்ளியில கூட்டிட்டுப் போனாங்க. ஒரு காலுறை சேத்தோட போச்சு. அம்மாகிட்ட அடி" என்றார்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ஹெஸ்லாப் பண்ணையில் விருந்தினர் அறைகளைக் கூட்டிப் படுக்கை மாற்றும் சனி, ஞாயிறு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா பக்கத்து ஊரான வார்ன்லியில் மருந்துக்கடை வைத்தபோது எனக்கு நான்கு வயது. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக அங்கேயே வளர்ந்தவள். என் கையெழுத்து நன்றாக இருந்ததால், விருந்தினர் அறைகளில் வைக்கும் 'பார்க்க வேண்டிய இடங்கள்' தாள்களைப் புதிதாக எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. பழைய தாள்களில் பதினைந்து வருடத் தேநீர்க் கறை இருந்தது.

எனிட்டுக்கு அப்போது அறுபத்துமூன்று. குட்டையானவர், அகன்ற தோள்கள். வலது கை இடது கையைவிடக் கொஞ்சம் தடித்திருக்கும். பத்தொன்பது வயதில் அப்பா இறந்துபோக, நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பண்ணைக்குத் திரும்பியவர். தம்பி கட்பர்ட்டுக்கு அப்போது பன்னிரண்டு. ஒரு வருடத்துக்கு என்று வந்தவர் அப்படியே இருந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட பாதிரியாரிடம், "அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிற ஆம்பிளை யாராவது இருந்தாச் சொல்லுங்க" என்றாராம். கட்பர்ட்டும் தனியாள்தான். அக்காவும் தம்பியும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நாற்பது வருடமாக ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

வெளியே போகாதவர் என்று சொல்ல முடியாது. சந்தைக்குப் போவார், தேவாலயத்துக்குப் போவார், பல் வலி வந்தால் வார்ன்லிக்குப் போவார். எல்லாம் பண்ணைக்கு மேற்கே. கடல் கிழக்கே, ஆறு மைலில். வேலை எதுவும் இல்லாமல் ஓர் இடத்தைச் சும்மா பார்க்கப் போவது அவருக்குத் தெரியாது. அதை விருந்தினர்கள் செய்தார்கள். மாலையில் வந்து பார்த்ததைச் சொன்னார்கள். அவர் அடுத்து வருபவர்களுக்குச் சொன்னார்.

அந்தப் பண்ணையில் இரண்டு கடிகாரங்கள் இரண்டு நேரம் காட்டும். மார்ச் கடைசியில் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், அக்டோபரில் பழையபடி பின்னுக்கு வைப்பார்கள். மாட்டுக்கு இதெல்லாம் தெரியாது. அதனால் எனிட்டின் அப்பா காலத்திலிருந்தே கறவைக் கொட்டிலில் மாட்டியிருந்த கடிகாரத்தை யாரும் தொட்டதில்லை. அது வருடம் முழுக்கக் குளிர்கால நேரம்தான் காட்டும். சமையலறைக் கடிகாரம் ஊரோடு சேர்ந்து போகும். கோடையில் எனிட் எதைச் சொல்வதென்றாலும் மனதுக்குள் ஒன்று கூட்டிச் சொல்வார். கொட்டிலில் மூன்று, விருந்தினருக்கு நான்கு. ரொட்டி வேகும் நேரத்துக்குக்கூட ஒன்று கூட்டிவிடுவார் என்று கட்பர்ட் சொல்வார்.

ஆஸ்வின் தீவு நேரத்தையும் அப்படித்தான் சொல்வார். தீவு என்றாலும் கடல் வற்றும்போது கற்பாதையில் நடந்தே போகலாம், அரை மைல். மேலே ஒரு துறவி வாழ்ந்த சின்னக் கல் ஆலயம், சுற்றிலும் கடல்நாய்கள். கடல் ஏறினால் பாதை முழுகிவிடும். தூண்டில் புழு விற்கும் கடையில் வருடா வருடம் ஒரு மஞ்சள் புத்தகம் கொடுப்பார்கள், எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் பாதை திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்று. அதுவும் குளிர்கால நேரத்தில்தான் அச்சாகும். கோடையில் எனிட் ஒன்று கூட்டி, சமையலறைக் கரும்பலகையில் காலையிலேயே எழுதிவைப்பார். இருபது வருடத்தில் ஒருவர் பாதம்கூட நனைந்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம், ஏப்ரல் மாதம். ஈஸ்டர் விடுமுறைக்கு நான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து பண்ணையில் இருந்தேன். கடிகாரம் மாற்றிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த வருடத்து முதல் விருந்தினர்களாக லீட்ஸிலிருந்து ஓல்ட்ராய்ட் தம்பதி வந்திருந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், கைத்தடியோடு மெதுவாக நடப்பார். மனைவி டோரின், நிறையச் சிரிப்பவர்.

செவ்வாய்க்கிழமை காலை உணவின்போது ஓல்ட்ராய்ட் கரும்பலகையைப் பார்த்துத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பத்தரை முதல் நாலு பத்து வரை.

"நான் நத்தை மாதிரி நடப்பேன்மா. திரும்பி வரதுக்கே முக்கால் மணி நேரம் ஆகும்" என்றார்.

"மூணேகாலுக்குக் கிளம்பினாப் போதும். அவசரமே வேண்டாம்" என்றார் எனிட். "வழி சுலபம். இந்தச் சந்துலேர்ந்து நேரா கிழக்கே. நாலு மைல் போனா வெள்ளைக் கொட்டகை வரும். அதுல இடப்பக்கம் திரும்பினா நேரா கடல்தான்."

"அவர் வழி கேட்கவே மாட்டார். இப்பவே ரெண்டு தடவை சொல்லிடுங்க" என்றார் டோரின்.

எனிட் இரண்டு தடவை சொன்னார். அவர்களுக்கு முட்டை சாண்ட்விச் கட்டிக்கொடுத்தேன். பதினொரு மணிக்குச் சாம்பல் நிறச் சின்னக் கார் சந்தில் இறங்கிப் போனது.

சமையலறைக் கடிகாரத்தில் மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நெவில் டாட்ஸ் வந்தார். கிராமத்துக் கசாப்புக் கடைக்காரர். கடற்கரை மீட்புப் படகுக் குழுவிலும் இருப்பவர். சம்பளம் கிடையாது, இடுப்பில் ஒரு சின்னக் கருவி மட்டும். அது கத்தினால் வெட்டுகிற கறியை அப்படியே விட்டுவிட்டு ஓடவேண்டும். நாளைய காலை உணவுக்கான சாசேஜ் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "டீ போடு எனிட். கடற்கரைப் பக்கம் காத்து எலும்பைக் குத்துது. தண்ணி இப்பவே பாதைக் கல்லை நக்க ஆரம்பிச்சாச்சு" என்றார்.

"அதுக்குள்ளயா? நாலு பத்துக்குத்தானே மூடும்."

"மூணு பத்து."

"நாலு பத்து, நெவில். மூணு பத்துன்னு புத்தகத்துல இருக்கு, ஒண்ணு கூட்டினா நாலு பத்து. இருபது வருஷமாக் கூட்டறேன். எனக்கே சொல்றியா?"

"எந்தப் புத்தகம்?"

எனிட் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டார். நீலப் புத்தகம். புழுக்கடைக்காரர் போன இலையுதிர் காலத்தில் கடையை மூடிவிட்டதால் இந்த வருடம் துறைமுக அலுவலகத்தில் வாங்கியது. நெவில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து அழுத்திக் காட்டினார். அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: கோடை மாதங்களுக்கான ஒரு மணி நேரம் இதில் ஏற்கனவே கூட்டப்பட்டுள்ளது.

எனிட் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். நெவில்தான் கேட்டார். "யாராவது போயிருக்காங்களா?"

"ரெண்டு பேர். அவருக்கு இடுப்பு சரியில்லை. நத்தை மாதிரி நடப்பேன்னு சொன்னார். நான் அவசரமே வேண்டாம்னு சொன்னேன்." எனிட் ஏப்ரனைக் கழற்றப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை. அப்படியே வாசலுக்கு நடந்தார். "வண்டிச் சாவி எங்க? கயல், நீ ஓட்டு. சீக்கிரம்."

நெவில் ஏற்கனவே தொலைபேசியில் இருந்தார். கட்பர்ட் கொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்ட? இன்னும் ஒரு மணியில மாடு வந்துடும்!"

"நீ கற!" என்று கத்தினார் எனிட். அந்த இரண்டு சொல்லையும் அந்த முற்றத்தில் அதற்குமுன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் அவ்வளவு வேகமாக ஓட்டியது அன்றுதான். எனிட் பலகையில் எழுதிய சுண்ணக்கட்டியை ஏப்ரன் பையிலிருந்து எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு தடவை பேசினார்: "முட்டை சாண்ட்விச்சை மெதுவா ருசிச்சுச் சாப்பிடுங்கன்னு வேற சொல்லி அனுப்பினேன்." திரும்ப வேண்டிய இடம் எனக்குத் தெரியும். திரும்பும்போது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்ன என்று யோசிக்க நேரமில்லை.

கடற்கரையில் இறங்கியபோது மூன்று இருபத்தைந்து. பாதையின் தொடக்கக் கற்கள் நாலைந்துதான் தெரிந்தன. அதற்கு மேல் பழுப்புத் தண்ணீர், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் மோதிக்கொண்டிருந்தது. வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரே ஒரு கார். சாம்பல் நிறம். சின்னது.

எனிட் அதன் பக்கத்தில் போய்க் கண்ணாடிக்குள் பார்க்காமல் நின்றார். நான்தான் பார்த்தேன். பின் இருக்கையில் ஒரு தொப்பி, ஒரு வரைபடம். யாருடையது என்று சொல்ல முடியவில்லை. காலையில் காரின் எண்ணைப் பார்த்து வைக்க எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

படகு தெற்கிலிருந்து வந்தது. நெவில் வேறு வழியாக எங்களுக்கு முன்பே போய் ஏறியிருந்தார். ஆரஞ்சு நிற உடுப்பில் அவர் யார் என்றே தெரியவில்லை. படகு முதலில் பாதையின் மேலேயே மெதுவாகப் போய் வந்தது. ஏன் அங்கே போகிறது என்று எனிட் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அது தீவின் மறுபக்கம் போய் மறைந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். கறவை நேரம் வந்து கடந்துபோனது. எனிட் தீவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலயத்தின் கூரை, அதன் மேல் உட்கார்ந்திருந்த பறவைகள்கூடத் தெரிந்தன.

"இவ்வளவு கிட்டவா இருக்கு" என்றார் ஒருமுறை. "நான் ரொம்ப தூரம்னு நெனைச்சிட்டிருந்தேன்."

படகு திரும்பி வந்து நெவில் முழங்கால் தண்ணீரில் குதித்தார். அவர் கையை ஆட்டியதிலிருந்து ஒன்றும் புரியவில்லை. கிட்ட வந்ததும்தான் கத்தினார். "யாரும் இல்லை! உன் ஆளுங்க அங்க போகவே இல்லை! ஒரே ஒருத்தன், பறவை பார்க்கிறவன், கூடாரம் போட்டுக்கிட்டு சூப் குடிச்சிட்டிருக்கான். காலை ஒன்பதரையிலேர்ந்து அங்கதான் இருக்கானாம். ஆணும் பெண்ணுமா யாரும் வரலைன்னு சத்தியம் பண்றான். அந்தக் கார் அவனுது."

"பாதையில?"

"பாதையில ஒண்ணும் இல்லை எனிட். ரெண்டு தடவை பார்த்தாச்சு. பாதை திறந்ததுலேர்ந்து அவன் அதைப் பார்த்தபடிதான் உக்காந்திருக்கான். போகவே இல்லைன்னா போகவே இல்லை."

"அப்போ எங்க போனாங்க?"

"அதை நீ வீட்டுல போய்க் கேளு. எனக்கு நனைஞ்சு போச்சு."

திரும்பி வரும்போது எனிட் எதிரே வந்த ஒவ்வொரு காரையும் உற்றுப் பார்த்தார். தீவில் இல்லை என்பது ஒன்று, கண்ணால் பார்ப்பது இன்னொன்று. பண்ணைச் சந்தில் நுழைந்ததும் முற்றத்தில் சாம்பல் நிறக் கார் நிற்பது தெரிந்தது. பக்கத்தில் ஓல்ட்ராய்ட் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார், முகம் சிவந்து.

வண்டி நிற்பதற்குள் எனிட் இறங்கிவிட்டார்.

"அம்மா, எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும்" என்று ஆரம்பித்தார் ஓல்ட்ராய்ட். "உங்க வெள்ளைக் கொட்டகை எங்க இருக்கு? நாலு மைல் போனேன். கொட்டகை இல்லை. அஞ்சு மைல் போனேன், இல்லை. வேலி கட்டிட்டிருந்த ஒருத்தர்கிட்டக் கேட்டேன். 'அதைத் தாண்டித்தானே வந்தீங்க'ன்னார். திரும்பினேன். குதிரையோட ஒரு பொண்ணு வந்துது. அதுவும், 'இப்பத்தான் தாண்டினீங்க'ன்னு சொல்லுது! அந்தச் சாலையில மூணு தடவை போய்ட்டு வந்தேன். வெள்ளையா இருந்தது ஒரு ஆடு மட்டும்தான்!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது, திரும்பும் இடத்தில் என்ன குறைந்தது என்று. கொட்டகையின் கூரை நான் பிறப்பதற்கு முன்பே விழுந்துவிட்டது. வெள்ளையடித்த ஒரு சுவர்தான் பாக்கி நின்றது. ஜனவரிப் புயலில் அதுவும் விழ, சாலைக்காரர்கள் கல்லை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் எல்லோரும் அந்த முனையை இன்னும் வெள்ளைக் கொட்டகை என்றுதான் சொல்வார்கள். என் வாயிலும் அதுதான் வரும்.

"கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல இவர் வழி கேட்டது இன்னைக்குத்தான்" என்றார் டோரின். "ரெண்டு பேர்கிட்டக் கேட்டார், ரெண்டு பேரும் இப்படிச் சொன்னா பாவம் என்ன பண்ணுவார்? கடைசியில நீராவி ரயிலுக்குப் போய்ட்டோம். வலப்பக்க ஜன்னல். ஆறு நல்லாத்தான் இருந்துது."

எனிட் போய் ஓல்ட்ராய்ட்டை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கைத்தடி விழுந்தது. ஏப்ரனில் இருந்த மாவு அவர் கோட்டு முழுவதும் ஒட்டிக்கொண்டது. கணக்கு வாத்தியார் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார்.

பிறகு முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, எனிட் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். நீலப் புத்தகம், கூட்டிய ஒரு மணி, படகு எல்லாம். "நான் எழுதினதை நம்பி நீங்க போயிருந்தா இந்நேரம் இங்க நின்னு என்னைத் திட்ட மாட்டீங்க. நீங்க எவ்வளவு வேணும்னாலும் திட்டலாம்."

ஓல்ட்ராய்ட் குறிப்பேட்டை எடுத்துக் காலையில் எழுதியதைப் பார்த்தார். டோரின் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டார், சிரிக்கவில்லை.

"கூட்டல் சரி" என்றார் அவர் கடைசியில். "கூட்டியிருக்கவே கூடாது, அவ்வளவுதான். டீ இருக்காம்மா?"

அதற்குப் பிறகுதான் எனிட்டுக்கு மாடுகள் நினைவு வந்தன. தொட்டியிலிருந்து துள்ளி எழுந்தார். கட்பர்ட் ரப்பர் பூட்ஸோடு கொட்டில் வாசலில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க ஓடற? முடிஞ்சுது."

"அறுபதுமா?"

"அறுபதும்."

"மேபெல்? அவ எங்கிட்டத் தவிர யாருக்கும் பால் விடமாட்டாளே."

"எப்பவும்விட ஒரு லிட்டர் ஜாஸ்தியா விட்டா. உன்னை ஒருத்தியும் கேக்கலை."

எனிட் தம்பியை முறைத்தார். கட்பர்ட் சிரிக்காமல் நின்றார். அப்புறம் இருவருமே சிரித்தார்கள். எனிட் கண்ணைத் துடைத்த இடத்தில் சுண்ணக்கட்டிப் பொடி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

மறுநாள் கரும்பலகையில் தீவுக்கான நேரம் இல்லை. 'தீவுக்குப் போகிறவர்கள் நேரத்துக்குத் துறைமுக அலுவலகத்தை மட்டுமே கேட்கவும்' என்று இருந்தது. வியாழக்கிழமை ஓல்ட்ராய்ட் அங்கேயே கேட்டு, இடப்பக்கத் திருப்பத்தை நானே காட்டிக்கொடுக்க, தீவுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். டோரினின் ஒரு காலுறை சேற்றோடு போயிருந்தது. அதைக் கேட்டதும் எனிட்டுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் அவர்கள் வந்தார்கள்.

தாள்களை நான் மறுபடி எழுத உட்கார்ந்தது அந்தச் சனிக்கிழமை. கொட்டகை, விழுந்துபோன மரம், மூடிவிட்ட தபால் நிலையம் என்று இல்லாத அடையாளங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். எனிட் எதிரே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கெல்டர் கோட்டைக்கு வந்தபோது கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கொட்டிலை ஒரு பார்வை பார்த்தார்.

"கயல், வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலக் கறவைக்குக் கட்பர்ட்டோட நீ நிக்கிறியா, கண்ணு? அந்தத் தபால்காரர் சொன்ன கணக்கு சரிதானான்னு நானே ஒருதரம் ஏறி எண்ணிப் பார்த்துட்டு வந்துடறேன்."